சீனி இல்லாத வீடு

“அம்மா, இந்த வீட்டுல சீனி வேணும். இன்னைக்கே வேணும். ஒளிச்சு வைக்கிறதுக்கு இல்ல. அடுப்பு மேடையில, உப்பு டப்பா பக்கத்துல.”

அப்பாவின் முன்னால் அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது என்பது அம்மா எனக்குப் போட்ட கட்டளை. கேட்பது இருக்கட்டும், பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. அப்பா கூடத்தில்தான் இருந்தார், சக்கர நாற்காலியில், தொலைக்காட்சிக்கு எதிரில். ஒலியைக் குறைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தேன். மணிக்கட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைக்கூட இன்னும் வெட்டவில்லை.

“வந்ததும் வராததுமா ஏண்டி ஆரம்பிக்கிற?” என்றார் அம்மா. “போய் முகம் கழுவு. இட்லி ஊத்தி வச்சிருக்கேன்.”

“எந்த இட்லி? அதுல என்ன கலந்திருக்கு?”

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. வரக் கூடாது என்று மின்தூக்கியில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

அம்மா அப்படி முகம் சுருங்கியதற்கும், நான் அப்படிக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் அப்பா தனசேகரனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஓட்டும்போது கண் அசராமலிருக்க, போகும் முனையத்தில் ஒரு தே தாரிக் பால் டீ, வரும் முனையத்தில் ஒரு தே தாரிக், கெட்டிப்பால் அடியில் தங்கும் அளவுக்கு. கால் விரலில் புண் வந்தபோது ஷூ கடித்துவிட்டது என்றார். கடித்தது ஷூ அல்ல. அவருடைய அண்ணன்கள் இரண்டு பேரும் இதே இனிப்பு நீர் வியாதியில்தான் போனார்கள்; ஒருவருக்குச் சிறுநீரகம், ஒருவருக்கு இதயம்.

அப்பா ஒற்றைக் காலோடு ஈசூன் வீட்டுக்குத் திரும்பிய அன்று, அம்மா சமையலறையில் இருந்த சீனி, வெல்லம், ஜாம், தேன், கெட்டிப்பால் டின் அத்தனையையும் கறுப்புப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய் எறிந்தார். சாமி மாடத்திலிருந்த கல்கண்டுக் கிண்ணத்தையும் விட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு முருகனுக்குப் பாதாம் பருப்புதான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆனால் பேரங்காடியில் பானங்களின் மேல் சர்க்கரை அளவைக் காட்ட அச்சடித்திருக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகளை எட்டி நின்றே படித்துவிடுவார். ‘டி’யைப் பார்த்தால் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிவிடுவார். தீபாவளிக்கு வருகிறவர்களுக்குச் செயற்கை இனிப்பில் கிண்டிய கேசரி. விழுங்கிய பிறகு தொண்டையில் கசக்கும். “பரவால்லையே லீலா, வித்தியாசமே தெரியல” என்று சொல்லிவிட்டு எல்லாரும் தண்ணீர் கேட்பார்கள். ஒருமுறை சமூக மன்றத்தில் நடந்த நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் அம்மாவை மேடையேற்றினார்கள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்டுல சீனியே கிடையாது” என்றார். கைதட்டினார்கள். பள்ளி உணவகக் கடையில் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு யாரும் கைதட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் பட்டமளிப்பு விழாவிலும் கைதட்டினார்கள். ஆனால் அது எனக்கு.

அதனால் அந்தப் பெருமையை நான் கேலி செய்ததில்லை. அதற்கு என் உடம்பு இடம் கொடுக்காது என்பதைத்தான் அவரிடம் சொல்லி மாளவில்லை.

எனக்கும் இனிப்பு நீர். பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. அப்பாவுக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு. “சின்ன வயசுலயா? சாக்லேட்டா தின்னிருப்பா” என்பாள் அத்தை, என் முகத்துக்கு நேராகவே. நான் எதையும் தின்று இதை வரவழைத்துக்கொள்ளவில்லை. என் உடம்பு, இன்சுலின் சுரக்கும் செல்களைத் தானே அழித்துவிட்டது. அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வேளையும் தட்டில் எவ்வளவு சோறு, எவ்வளவு மாவு என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தக்கபடி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறேன். மருந்து குறைந்தால் சர்க்கரை ஏறும். அது மெதுவாகக் கொல்லும். மருந்து கூடிவிட்டால் சர்க்கரை இறங்கும்; அதற்குப் பொறுமை கிடையாது. அந்த நேரத்தில் எனக்கு மருந்து சீனிதான்.

“தெரியும்லா” என்பார் அம்மா. தெரியாது. ஒரே பெயரில் இரண்டு வியாதி இருக்க முடியும் என்பதை அவர் மனம் ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். என் அறையில், கட்டிலுக்கு அடியில், ஓர் அட்டைப் பெட்டி நிறையப் பாக்கெட் பழச்சாறு. என் கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரைக் குழாய் ஒன்று. அப்பா கண்ணில் படக் கூடாது, அப்பா காதில் விழக் கூடாது.

புதன்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். அம்மா விடிவதற்கு முன்னால் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தார். சோறு, மீன் குழம்பு, முட்டைக்கோஸ். அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் என் வழக்கமான அளவு சோற்றைப் போட்டு, அதற்கான ஊசியைக் குத்திக்கொண்டு சாப்பிட்டேன். சோறு நாக்கில் கொஞ்சம் வழுக்கியது. புது அரிசி போல என்று நினைத்தேன்.

கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது கைப்பேசி அலறியது. என் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், ரத்தச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துக் கைப்பேசிக்கு அனுப்பும். சர்க்கரை மூன்றரைக்கு இறங்கிவிட்டது; நாலுக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்தில் அம்புக்குறி, நேராகக் கீழே.

பயப்படவில்லை. எத்தனை தடவை பார்த்தாயிற்று. கேமராவை அணைத்துவிட்டு, கைப்பையிலிருந்த மாத்திரைக் குழாயை எடுத்துக் குலுக்கினேன். சத்தம் வரவில்லை. திறந்து கவிழ்த்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் தூள்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் புதிதாக வாங்கி வைத்தது.

“அப்பா, சுகர் இறங்குது” என்று சொல்லிக்கொண்டே என் அறைப்பக்கம் நடந்தேன். அப்பா வாயைத் திறந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையைக்கூடப் பாதி தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கையை விட்டேன். பெட்டி இருந்தது. இழுத்தபோது காற்றுப் போல வந்தது. உள்ளே பழச்சாறு ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ராவைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை ஒன்று மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நம்பாமல் இன்னும் உள்ளே ஊர்ந்து சுவர் வரைக்கும் துழாவினேன். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

அதற்குப் பிறகு நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி. பாகற்காய்ச் சாறு. சீனியில்லாத கோலா. அதை எடுத்துக் குடித்தேன். நாக்கு இனித்தது, உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. பானையிலிருந்த சோற்றைக் கை கையாக அள்ளி வாயில் திணித்தேன். சோறு சர்க்கரையாகும், சோறு சர்க்கரையாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. எதைத் தேடி சமையலறைக்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. கன்னத்தில் தரை குளிர்ந்தது. அவ்வளவுதான்.

மிச்சத்தை எதிர்வீட்டு பதுருன்னிசா ஆண்டிதான் மருத்துவமனைக்கு வந்து சொன்னார். “உங்கப்பா இரும்புக் கேட்டைப் பிடிச்சுக் குலுக்குன குலுக்குல எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சும்மா. ‘சீனி, சீனி’ன்னு கத்துறாங்க. நான் என்னடா இது, இந்த வீட்டுலயா அந்தப் பேச்சுன்னு ஓடி வந்தேன்.” பேத்தியின் பிறந்தநாளுக்கு அவர் பாலும் ரோஜா சிரப்பும் சேர்த்துப் பாண்டுங் கலக்கிக்கொண்டிருந்தாராம். எனக்குக் கண் திறந்திருந்ததாம், பேச்சில்லையாம். அந்த ரோஜா சிரப்பை விரலால் தொட்டுத் தொட்டு என் கன்னத்தின் உட்பக்கம் தடவியிருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் சட்டையைப் பார்த்துவிட்டு ரத்தம் என்று பயந்தார்களாம்.

மறுநாள் மருத்துவர் வந்தபோது அம்மா என் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு ஊசி போட்டேன் என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர் புருவத்தைச் சுருக்கினார். அப்போது அம்மா, மெல்ல, தமிழில் என்னிடம் சொன்னார்: “பாதிதாம்மா அரிசி.”

மீதிப் பாதி கொன்ஜாக். கிழங்கு மாவில் செய்து அரிசி மாதிரியே வெட்டி வைத்திருப்பார்கள். வயிறு நிறையும், உடம்பில் சர்க்கரையாக எதுவும் சேராது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில் பார்த்து, அப்பாவுக்கென்று வாங்கி, எனக்குச் சொல்லாமலே தனியாக வடித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை நேரமாகிவிட்டது என்று இரண்டையும் ஒரே பானையில் போட்டிருக்கிறார். எனக்கும் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறார். நான் இல்லாத சோற்றுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். பிறகு அதே சோற்றை அள்ளி அள்ளித் தின்று உயிரைப் பிடிக்கப் பார்த்தேன்.

மருத்துவர் அம்மாவிடம் திரும்பி, வீட்டில் இனிப்பு ஏதாவது எப்போதும் கைக்கெட்டும்படி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுக்கு அது மட்டும் புரிந்துவிட்டது. நிமிர்ந்தார். “நோ சுகர் இன் மை ஹவுஸ், டாக்டர்” என்றார். சொல்லிவிட்டு, மேடையில் நின்றதுபோல ஒரு கணம் காத்திருந்தார்.

மருத்துவர் குனிந்து எழுதத் தொடங்கினார். அம்மாவின் உதட்டிலிருந்த அந்தச் சின்னச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது வீட்டில், சமையலறை வாசலில், அதே அம்மா.

“இட்லியில ஒண்ணும் கலக்கல. உளுந்தும் அரிசியும்தான். நல்லதுன்னு நெனச்சுத்தாண்டி அதைச் செஞ்சேன்.”

“சரி. அது தெரியாம செஞ்சீங்க. என் ரூம்ல இருந்த பாக்கெட் எல்லாம் எங்கம்மா? என் கைப்பையில இருந்த மாத்திரை எங்க?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கூடத்துப் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது.

“நான்தான் எடுத்துக் கொட்டிட்டேன்.”

“எப்போ?”

“செவ்வாக்கிழமை.”

“எதுக்கு?”

“வீட்டுல இருக்க வேணாம்னு.”

“மாத்திரையைக் கொட்டிட்டு, குழாய மூடி போட்டுப் பத்திரமா திரும்ப என் பையிலயே வச்சீங்களா?”

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. முந்தானையை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. “செத்திருப்பேம்மா. புரியுதா? சும்மா மயக்கம் இல்ல. நீங்க என்னைக் கொல்லப் பாத்தீங்க.”

“சரி,” என்றார் அம்மா. “அப்படியே வச்சுக்கோ.”

தொலைக்காட்சி அணைந்தது.

“லீலா, போதும்.”

“நீங்க சும்மா இருங்க. அவ கோவத்துல பேசறா.”

“நான்தான் குடிச்சேன்,” என்றார் அப்பா.

சக்கரத்தைத் திருப்பினார். கூடத்து நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு, பின்னால் போய், மறுபடி திரும்பி, என் எதிரில் வந்து நின்றார். யாரும் உதவவில்லை. நீளமான பேருந்தை ஒரே ஒடிப்பில் திருப்பியவர்.

“கீழ கடையில எனக்கு ஒண்ணும் கிடைக்காது. உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. மினிமார்ட்காரன் என்னைப் பாத்தாலே, ‘அங்கிள் சாரிலா, ஆண்டி திட்டும்’ங்கறான்.” சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. “போன தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டுல என்னைத் தள்ளிட்டுப் போனீங்களே, பலகாரக் கடையெல்லாம் தாண்டி. என் மூக்கைத்தான் உங்கம்மா பொத்தல. அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பினப்போ உன் ரூம் திறந்திருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். நீ வாங்கி வாங்கி வைப்ப, நான் ஒண்ணு ரெண்டு எடுப்பேன், உனக்குத் தெரியல. இந்த வாரம்தான்… மாத்திரையும் நல்லா இருந்துச்சும்மா. ஆரஞ்சு வாசம்.”

“நான் ரூமுக்குப் போனதைப் பாத்தீங்களேப்பா. அங்க ஒண்ணுமே இல்லன்னு உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அப்பா மடியில் கிடந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வேற எங்கயாச்சும் வச்சிருப்ப, கிடைச்சிடும்னு நெனச்சேன்.” பிறகு, “வெக்கமா இருந்துச்சும்மா.”

அந்த வெட்கம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியிலிருந்து சமையலறைத் தரை வரைக்கும்.

“உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“சமையலறைச் சுவத்துக் குப்பைக் குழாயில பாக்கெட் போய் விழற சத்தம் கேக்காதா?” அம்மா தரையைப் பார்த்துச் சொன்னார். “ஒண்ணு ரெண்டுதானேன்னு விட்டேன். கேட்டா மனசொடிஞ்சு போவாரு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அவர நீ எப்படிப் பாப்ப? வேலை போச்சு, காலு போச்சு. பெத்த பொண்ணு பையில திருடறாருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? பழி என் மேல இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

“அவரு மரியாதையக் காப்பாத்த உங்களுக்கு நான்தான் கிடைச்சேனா?”

அம்மா அப்பாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவருடைய இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் காலுறையைக் கழற்றினார். “இதையும் பாத்துட்டுப் பேசு” என்றார்.

குதிகாலில் கட்டு. அம்மா அதை ஓரமாகப் பிரித்துக் காட்டினார். சின்னதுதான், கட்டைவிரல் நகம் அளவு. ஆனால் விளிம்பு கறுத்திருந்தது. நான் ஆம்புலன்ஸில் போன அன்று அப்பா கேட்டில் இடித்துக்கொண்ட இடம் என்றார் அம்மா. பாலிகிளினிக்கில் தாதி பார்த்துவிட்டு, சர்க்கரை இப்படியே இருந்தால் இது ஆறாது என்று சொல்லியிருக்கிறார். ஆறாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தாதி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எனக்காகக் கேட்டில் இடித்துக்கொண்ட கால்.

“பூட்டி வச்சிடலாம்,” அம்மா கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே வேகமாகப் பேசினார். “ஒரு இரும்புப் பெட்டி வாங்குவோம். பூட்டு போட்டு, உன் சாமான் எல்லாம் அதுல. சாவி என் தாலிச் சங்கிலியில கோத்துக்கறேன்.”

“நீங்க விடியறதுக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடுவீங்க.”

“அப்போ நீயே வச்சுக்கோ.”

“சுகர் இறங்கறப்போ என் கை எப்படி நடுங்கும்னு பாத்திருக்கீங்களா? சாவித் துவாரம் ரெண்டா தெரியும்மா. விழுந்துட்டா யாரு திறப்பா?”

“அப்பா திறப்பாரு…” சொல்ல வந்ததை அம்மா அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“பூட்டாதீங்க,” என்றார் அப்பா. “பூட்டினா உடைப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று கேட்கும் பயணிக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். “நிரஞ்சி, நான் சத்தியம் பண்ணித் தர்றேன்னு சொன்னா நீ நம்புவ. நம்பாத. பகல் பூரா நான் இங்க ஒத்தையா இருக்கேன். அது வீட்டுக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு வேற நெனப்பே ஓடாது. அன்னைக்கு நீ தரையில கெடந்தப்போ இனிமே தொடக் கூடாதுன்னுதான் நெனச்சேன். நேத்து பதுரு ஆண்டி, வாய்க்குப் போட்டுக்கங்கன்னு, அந்தப் பொறந்தநாள் கேக்குல ஒரு துண்டு கொண்டுவந்து குடுத்தாங்க. பாவம், ஒரு துண்டுதானேன்னு குடுத்தாங்க, நான் இப்படித் திருடித் திங்கற ஆளுன்னு அவங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டேன். நீ அங்க ஆஸ்பத்திரியில இருக்க, நான் இங்க உக்காந்து சாப்பிட்டேன்.”

அம்மா அவர் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் ஆடியது. அப்பா அவர் தலையில் கை வைக்கப் போய், எட்டாமல், நாற்காலியின் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டார்.

நான் கேட்டது நியாயம். இப்போதும் சொல்வேன். நான் கேட்டதைக் கொடுத்தால் அப்பாவின் இன்னொரு கால் போகும். கொடுக்காவிட்டால் ஒருநாள் எதிர்வீட்டில் பாண்டுங் இருக்காது. இரண்டில் எதை என்று என் அம்மாவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு நான் பட்டதாரி என்று நின்றுகொண்டிருந்தேன்.

“எனக்குச் சீனி வேணாம்மா,” என்றேன். “நான் போறேன்.”

போவது என்று மருத்துவமனையிலேயே முடிவு செய்துவிட்டேன். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ரக்ஷனாவுக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன். சுவா சூ காங்கில் அவள் அக்காவின் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, இன்றைக்கே வா என்றாள். அது கோபத்தில் எடுத்த முடிவு. சீனியைக் கேட்பது, இல்லையென்றால் கதவை அறைந்துவிட்டுப் போவது என்றுதான் வந்தேன். முடிவு மாறவில்லை. அறைவதற்குக் கதவுதான் இல்லாமல் போய்விட்டது.

“எங்க போற?” அம்மா நிமிர்ந்தார்.

சொன்னேன்.

“கல்யாணம் ஆகாத பொண்ணு, அப்பா அம்மா உயிரோட இருக்கறப்போ வாடகை ரூமுக்கா? உங்கத்த என்ன பேசுவான்னு தெரியுமா? படிக்க வச்சா இப்படித்தான்னு ஊரெல்லாம் சொல்லுவா.”

“சொல்லட்டும்லா. அத்தை எது சொல்லல?”

“நான் இனிமே எதுல எது போட்டாலும் உன்கிட்ட சொல்லிட்டுப் போடறேண்டி. எழுதி ஒட்டறேன். சோறு தனியா வடிக்கிறேன்.”

“அதுக்கு இல்லம்மா.”

“வேற எதுக்கு?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எனக்காகச் சொன்னார். “போகட்டும் லீலா. அவளுக்கு வேண்டியது நான் இருக்கற எடத்துல இருக்க முடியாது.”

என் அறையில் எடுப்பதற்கு நிறைய இல்லை. துணி, மடிக்கணினி, சென்சார் பெட்டிகள், ஊசி முனைகள். குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டிலிருந்து இன்சுலின் பேனாக்களை எடுத்துக் குளிர்ப்பையில் போட்டேன். அந்தத் தட்டு காலியானதும் அம்மா அங்கே எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தார், காலியாக இருப்பதைப் பார்க்க முடியாததுபோல.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?” அப்பா கூடத்திலிருந்து கேட்டார். “நீ விழுந்தா என்ன செய்யணும்னு?”

“தெரியும்ப்பா. என்கூட ஹாஸ்டல்ல இருந்தவ. ரெண்டு தடவை செஞ்சிருக்கா.”

“அங்க எங்க வைப்ப?”

“எங்க வேணா வைப்பேன்.”

அவர் தலையாட்டினார். நான் குனிந்து அவர் தோளைத் தொட்டேன். எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. அவர் சட்டையிலிருந்து பேருந்து ஓட்டிய காலத்து டீசல் வாசம் போய்விட்டிருந்தது. மருந்துக் களிம்பு வாசம்தான் வந்தது. “அந்தக் காலைப் பாத்துக்கங்க” என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. வேறு குரலில் சொல்லியிருந்தால் சொல்லி முடித்திருக்க மாட்டேன்.

அம்மா கேட் வரை வந்தார். கையில் ஒரு டப்பா. இட்லி. நான் பார்த்தேன், அவர் சட்டென்று அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“ஞாயித்துக்கிழமை வருவியா?”

“வருவேன்.”

“என்ன செஞ்சு வைக்கட்டும்?”

“ஒண்ணும் வேணாம்மா. சாப்பிட்டுட்டு வர்றேன்.”

அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் அம்மாவிடம் அதுவரை சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து காலணியை மாட்டினேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடைபாதையில் மின்தூக்கியை நோக்கி நடந்தேன்.